நெடுஞ்சாலை விளக்குப் பழுது: ஏணி வைக்கும் முன் இருட்டின் வடிவத்தைப் பாருங்கள்

"விளக்கு எரியவில்லை" என்று புகார் வந்ததும் ஏணி வண்டியை வரவழைத்து, மேலே ஏறி, விளக்கை மாற்றிவிட்டு இறங்குவதுதான் வழக்கமாக நடப்பது. மறுநாள் இரவு அதே கம்பத்துக்கு மறுபடி புகார் வரும். பழைய குருடி கதவைத் திறடி. நெடுஞ்சாலை விளக்கில் பழுது இருக்கும் இடம் ஒன்று, அது கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. எத்தனை விளக்கு அணைந்திருக்கிறது என்று எண்ணுவதைவிட எந்தெந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று பார்த்தால், பாதி வேலை வண்டியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும்.

அதனால் முதல் வேலை இரவுச் சுற்று. ஒருவர் மெதுவாக ஓட்ட, இன்னொருவர் கம்ப எண்ணைப் போட்டுக் குறித்துக்கொண்டே வர வேண்டும். எரிகிறது, அணைந்திருக்கிறது, மங்கல், சிமிட்டல் என்று நாலு குறி போதும். இருட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சுற்று. ஓட்டுபவரே குறித்துக்கொள்ளவும் கூடாது. கம்பங்களில் எண்ணே இல்லையென்றால், பழுது பார்ப்பதை ஒத்திப்போட்டுவிட்டு முதலில் எண் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கை வைப்பதற்கு முன் இன்னொன்று. பகலில் விளக்கு எரியாததால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கருமேகம் வந்தாலே ஒளியுணரி அந்தி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, விளக்கு வரிசைக்கு மின்சாரம் போடும் தானியங்கி சுவிட்சான கான்டாக்டரை இழுத்துவிடும். உங்கள் கை அப்போது இணைப்புப் பெட்டிக்குள் இருக்கும். தொலைக்கட்டுப்பாடு உள்ள இடத்தில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் சும்மா சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட எரியவிடலாம். ஆகவே ஃபீடர் பில்லரில் (விளக்கு வரிசைக்கு மின்சாரம் பிரித்துத் தரும் சாலையோரப் பெட்டி) மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்பத்திலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். ஏணி வண்டி நிற்கும் தடத்தை, வரும் வாகனம் தொலைவிலேயே பார்த்து விலகும்படி கூம்புகள் வைத்து அடைத்துவிடுங்கள்.

மூன்றுக்கு ஒன்று அணைந்திருக்கிறது

மூன்று ஃபேஸ் கொடுத்த சாலையில் முதல் கம்பத்துக்கு ஒரு ஃபேஸ், இரண்டாவதுக்கு அடுத்தது, மூன்றாவதுக்கு மற்றது, நான்காவதுக்குத் திரும்ப முதல் ஃபேஸ் என்று மாற்றி மாற்றி இணைப்பார்கள். ஒரு ஃபேஸ் போனாலும் சாலை முழுக்க இருண்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எனவே 1, 4, 7, 10 என்று அணைந்திருந்தால் விளக்கைத் தொடவே வேண்டாம். நேராக ஃபீடர் பில்லருக்குப் போங்கள்.

அங்கே ஃப்யூஸ், எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்), கான்டாக்டர் என்று மின்சாரம் வரும் திசையிலேயே ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போக வேண்டும். கான்டாக்டருக்குள் வரும் பக்கம் 230 வோல்ட், வெளியேறும் பக்கம் ஒன்றுமில்லை என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றினால் மூன்று ஜோடி முனைகளில் இரண்டு வெள்ளி நிறத்தில் மினுங்கும், ஒன்று மட்டும் கருத்து, நடுவில் குழி விழுந்திருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டப் பார்க்காதீர்கள். தேய்த்தால் வெள்ளிப் பூச்சுதான் போகும். ஒரே மாதத்தில் முனை ஒட்டிக்கொண்டு, பகலிலும் விளக்கு எரியும் புதுப் புகார் வரும். தலைவலி போய்த் திருகுவலி.

1, 4, 7 எரிந்து, 10-லிருந்து அந்த வரிசை மட்டும் அணைந்திருந்தால் பில்லரில் பழுதில்லை. அந்த ஃபேஸின் இணைப்பு 7-வது கம்பத்துக்கும் 10-வது கம்பத்துக்கும் நடுவில் எங்கோ விட்டிருக்கிறது. கம்பத்தின் அடியில் உள்ள சிறிய கதவைத் திறந்து இணைப்புப் பட்டையைப் பாருங்கள். அலுமினியக் கேபிளைச் செம்பு முனையில் நேரடியாக முறுக்கியிருந்தால் அந்த இடம் வெந்து உதிர்ந்துபோயிருக்கும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு, கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கி இறுக்கித்தான் மாட்ட வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒன்று அணைந்திருப்பது வேறு கதை. நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் அப்படி என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த யாரோ எப்போதோ செய்துவைத்த அரை இரவு ஏற்பாடாக இருக்கலாம். செய்தவர் மாற்றலாகிப் போயிருப்பார், டைமர் மட்டும் அவர் சொன்னபடியே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசம், சில மங்கல்

இதைப் பார்த்தால் யோசிக்காமல் ஃபீடரை, அதாவது பில்லரிலிருந்து விளக்குகளுக்குப் போகும் மின்வழியை, உடனே இறக்குங்கள். நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, அறுந்திருக்கிறது. நியூட்ரல் இல்லாதபோது மூன்று ஃபேஸிலும் உள்ள சுமைக்குத் தக்கபடி வோல்டேஜ் இழுபட்டு, சுமை குறைந்த பக்கம் 230 வோல்ட் 400-ஐ நோக்கி ஏறும். அந்தப் பக்கத்து எல்இடி டிரைவர்கள் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவிகள்) எல்லாம் ஒரே இரவில் போய்விடும். அடுத்த நாள் பத்து டிரைவர் மாற்றுவார்கள், நியூட்ரலைப் பார்க்க மாட்டார்கள், அந்தப் பத்தும் திரும்பப் போகும். ஒருமுறை ஒரே சாலையில் இது இரண்டு தடவை நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்றாம் தடவைதான் ஒருவர் நியூட்ரல் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

ஒரு கம்பத்திலிருந்து கடைசி வரை மொத்தமாக இருட்டு

கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது திருடப்பட்டிருக்கிறது. கடைசியாக எரியும் கம்பத்துக்கும் முதலில் அணைந்திருக்கும் கம்பத்துக்கும் நடுவில் சமீபத்தில் தோண்டிய மண் இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கோ தொலைபேசிக் கேபிளுக்கோ தோண்டியவர்கள் கேபிளின் மேலுறையைச் சீவிவிட்டு மண்ணைத் தள்ளி மூடியிருப்பார்கள். அடிக் கதவுகள் திறந்து கிடந்தால் திருட்டு. செம்புக்குப் பதில் அலுமினியக் கேபிள் போடுவது, கதவைத் தனிச் சாவி இல்லாமல் திறக்க முடியாத திருகால் மூடுவது, கம்பத்துக்கு இடையிலுள்ள குழிகளைக் கான்கிரீட் மூடியால் அடைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது குறையும். ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த ஓட்டையைத் தேடுவார்கள்.

ஒரே ஒரு விளக்கு, சோடியம் வகை: எரிந்து, அணைந்து, மறுபடி எரிகிறது

சோடியம் விளக்கின் முதுமை இப்படித்தான் வெளிப்படும். புதிதில் விளக்குக் குழாயின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 100 வோல்ட் இருக்கும்; வயதாக ஆக அது ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் சுருளான சோக்கால் அந்த வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க முடியாது, விளக்கு அணையும். ஆறியதும் இக்னிட்டர் திரும்பப் பற்றவைக்கும், சில நிமிடத்தில் முழுப் பிரகாசம் வரும், சூடேறியதும் மறுபடி அணையும். விடியும் வரை இதே கூத்துதான். "எரியத்தானே செய்கிறது" என்று விட்டுவைத்தால், ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பை அனுப்பி அனுப்பி இக்னிட்டரும் கூடவே சாகும். விளக்கை மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை இரட்டிப்பாகும்.

விளக்கு ஒருபோதும் எரியவே இல்லை என்றால், நன்றாக எரியும் இன்னொரு விளக்கைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் சோக்கின் தொடர்ச்சியை மீட்டரில் பாருங்கள். அதுவும் சரி என்றால் மிஞ்சுவது இக்னிட்டர். மின்சாரம் இருக்கும்போது அதன் வெளியீட்டில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடாதீர்கள். அந்தத் துடிப்பு மீட்டரைக் கொன்றுவிடும். விளக்கில்லாத ஹோல்டரில் மெல்லிய "டிக் டிக்" சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பதே போதும்.

யாருமே புகார் தராத ஒரு பழுதும் உண்டு. விளக்கு நன்றாக எரியும், ஆனால் உள்ளே கபாசிட்டர் செத்திருக்கும். 250 வாட் சோடியம் விளக்கு கபாசிட்டர் சரியாக இருந்தால் 1.4 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். இல்லாவிட்டால் 3 ஆம்பியர். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரே ஃபீடரில் இப்படிப் பத்துப் பதினைந்து சேர்ந்தால் கேபிள் சூடாகும், காரணமே புரியாமல் எம்சிபி விழும். இரவில் பில்லரில் கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) போட்டு, விளக்கு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கழற்றிய பழைய விளக்கைச் சாலையோரம் எறிந்து உடைக்க வேண்டாம். சோடியம் விளக்கிலும் மெட்டல் ஹாலைடிலும் பாதரசம் இருக்கிறது. பழைய பாதரச ஆவி விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தால், அவற்றுக்கு மாற்று விளக்கு தேடாதீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் உள்ள நாடுகள், பொது வெளிச்சத்துக்கான அந்த வகை விளக்கின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குப் பிறகு நிறுத்த ஒப்புக்கொண்டவை. பொருத்தியையே, அதாவது விளக்கைத் தாங்கும் கூண்டு முழுவதையும், மாற்றுவதுதான் வழி.

ஒரே ஒரு விளக்கு, எல்இடி வகை

எல்இடி விளக்கு 1,00,000 மணி நேரம் எரியும் என்று விற்பார்கள். நெடுஞ்சாலை விளக்கு ஆண்டுக்குச் சுமார் 4,100 மணி நேரம் எரிகிறது. கணக்குப்படி அது 24 ஆண்டு வர வேண்டும். ஆனால் அந்த எண் வெளிச்சம் தரும் எல்இடி சில்லுக்கானது, டிரைவருக்கானது அல்ல. முதலில் போவது டிரைவர். அதற்குள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும். செத்த டிரைவரைத் திறந்தால் தட்டையாக இருக்க வேண்டிய கபாசிட்டரின் தலை உப்பியிருக்கும், சில சமயம் வெடித்துப் பழுப்புக் கறை படிந்திருக்கும். அப்படி இருந்தால் மேலே உள்ள வெப்பத் தகட்டின் இடுக்குகளில் பறவை எச்சமோ தூசியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத் துடைக்காமல் புது டிரைவர் போடுவது பழைய அடுப்பில் புது விறகு வைப்பதுதான்.

சில்லின் ஆயுள் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சில்லின் வெளிச்சம் போகப்போக எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் எல்எம்-80 சோதனையை எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்று கேளுங்கள். அந்த அளவிலிருந்து ஆயுளைக் கணிக்கும் டிஎம்-21 கணக்குமுறைப்படி, சோதித்த நேரத்தின் ஆறு மடங்குக்கு மேல் நீட்டிச் சொல்லக் கூடாது. 10,000 மணி சோதித்தவர் 60,000 வரைதான் வாய் திறக்கலாம்.

பாதிச் சில்லுகள் மட்டும் எரிந்தால் ஒரு சரம் அறுந்திருக்கிறது. தகட்டையே மாற்ற வேண்டும். மொத்தமும் அணைந்து, டிரைவருக்கு முன்னால் மின்சாரமும் வராவிட்டால், இடையிலுள்ள எஸ்பிடியை (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலிலிருந்து காக்கும் கருவி) பாருங்கள். மின்னல் தாக்கத்தை உள்வாங்கிச் செத்தால் விளக்கையும் சேர்த்துத் துண்டித்துவிடும் வகை உண்டு. அது தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. விளக்கு நன்றாகவே இருக்கும். இடி மழைக்கு மறுநாள் நாலைந்து விளக்கு ஒன்றாகப் போனால் டிரைவர் வாங்கக் கிளம்பும் முன் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எஸ்பிடியைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த இடிக்கு அந்த விளக்கு மிஞ்சாது.

மங்கலாக மட்டும் எரிகிறதென்றால் மங்கலாக்கும் கம்பியைச் சந்தேகியுங்கள். 0–10 வோல்ட் கட்டுப்பாட்டில் அந்தக் கம்பி அறுந்தால் விளக்கு முழுப் பிரகாசத்துக்குப் போகும்; இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டாலோ மாற்றி இணைத்தாலோ அடிமட்டத்துக்கு இறங்கும். இது தெரியாமல் மாற்றிய டிரைவர்கள் எத்தனையோ.

மழை பெய்தால் எம்சிபி விழுகிறது

ஈரம் எங்கோ புகுகிறது. கம்ப அடிப்பெட்டி, தரைக்கடி இணைப்பு, விளக்குக்குள் கேபிள் நுழையும் துளையை இறுக்கி மூடும் கிளாண்ட் என்ற மூன்றில் ஒன்று. கேபிளை, காப்புத் தடை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சோதிக்கலாம். காப்புத் தடை ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. ஆனால் மெகர் போடும் முன் ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஸ்பிடி வழியாகக் கசிந்து பொய்க் கணக்குக் காட்டும், டிரைவரும் கெடலாம்.

ஃபீடரில் நாற்பது கம்பம் இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. நடுவில் 20-வது கம்பத்தில் கேபிளைப் பிரித்து இரண்டு பக்கமும் அளங்கள். கெட்ட பக்கத்தை மறுபடி பாதியாக்குங்கள். ஆறாவது தடவைக்குள் அந்தக் கம்பத்துக்கு முன்னால் நிற்பீர்கள். இதை மழை விட்ட அன்றே செய்ய வேண்டும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போனால் எல்லாம் காய்ந்து, மெகர் "ஒரு குறையுமில்லை" என்று சொல்லிவிடும்.

பெரிய எம்சிபியாக மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த எம்சிபிதான் கேபிளைக் காப்பாற்றுகிறது.

மழையே இல்லை, விளக்கு போடும் கணத்திலேயே விழுகிறது

சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறிய புதிதில் வரும் புகார் இது. வாட் பாதியானதே, சுமை குறைந்திருக்க வேண்டுமே என்று குழம்புவார்கள். ஓடும் சுமை குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் எல்இடி டிரைவர், மின்சாரம் வந்த முதல் நொடிக்கு வெகு சிறிய பங்கில், தன் கபாசிட்டரை நிரப்பப் பல பத்து ஆம்பியரை ஒரே வாயில் விழுங்கும். முப்பது விளக்கும் ஒரே கணத்தில் இதைச் செய்தால் பி வகை எம்சிபி, தன் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே விழுவது, நிற்குமா? சி வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும். கேபிளின் நீளத்துக்கு அது சரிப்படுமா என்று கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்; அல்லது ஒரு சுற்றுக்கு விளக்கு எண்ணிக்கையைக் குறையுங்கள்; அல்லது ஃபீடர்களைச் சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எம்சிபி விழாவிட்டாலும் இதே வேகப்பாய்ச்சல் கான்டாக்டர் முனைகளை ஒட்டவைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பகலிலும் எரிகிறது

முனை ஒட்டிய கான்டாக்டர், அல்லது ஒளியுணரி. ஒளியுணரிகளில் பெரும்பாலானவை கெட்டால் விளக்கு எரியும்படியே வடிவமைக்கப்பட்டவை. பகலில் வீணாக எரிவது, இரவில் இருண்டு கிடப்பதைவிடப் பாதுகாப்பு. எனவே ஒரு கம்பம் மட்டும் பகலில் எரிந்தால் அந்தக் கம்பத்தின் தலையில் உள்ள உணரி, ஃபீடர் முழுக்க எரிந்தால் பில்லர். உணரியைச் சோதிக்கக் கறுப்பு நாடாவால் மூடித் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். மின்னல் வெளிச்சத்துக்கும் வாகன விளக்குக்கும் ஏமாறாமலிருக்க அதற்குள் தாமதம் வைத்திருப்பார்கள். சில நிமிடம் காத்திருந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்தி நேரத்தில் மட்டும் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடினால், உணரி தன் விளக்கின் வெளிச்சத்தையோ பக்கத்து விளம்பரப் பலகையின் வெளிச்சத்தையோ பார்த்து ஏமாறுகிறது. அதன் முகத்தைத் திருப்பிவிட்டால் போதும். சூரியன் உதித்து மறையும் நேரத்தைக் கணக்கிட்டு விளக்கு போடும் வானியல் கடிகாரம் வைத்த இடத்தில், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைத் தவறாகப் போட்டிருக்கிறார்களா, பேட்டரி செத்து நேரம் பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் எரிகிறது, ஆனாலும் சாலை இருட்டாக இருக்கிறது

கண்ணாடியைத் துடையுங்கள். இதைக் கேட்டு அலுத்துக்கொள்வார்கள், ஆனால் கனரக வாகனப் புகையும் புழுதியும் படிந்த நெடுஞ்சாலையில் முதல் சந்தேகம் அழுக்குதான். கண்ணாடிக்கு உள்பக்கம் பூச்சியும் ஈரமும் இருந்தால் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. துடைத்து மூடினால் நிற்காது, வளையத்தை மாற்ற வேண்டும். பிறகு மரக்கிளை. விளக்கைத் தாண்டி வளர்ந்த கிளையைவிட, விளக்குக்குக் கீழே, சாலைப்பக்கம் நீட்டிய கிளைதான் அதிகம் மறைக்கும்.

கடைசி விளக்குகள் மட்டும் மங்கலாக இருந்தால் கேபிள் நீளத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. சோடியம் விளக்கில் வோல்டேஜ் குறைவதைவிட வேகமாக வெளிச்சம் குறையும், அதனால் கண்ணுக்கே தெரியும். எல்இடி டிரைவர் வோல்டேஜ் குறைந்தாலும் வெளிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். பழுது மறைந்துபோய் வெந்த இணைப்பு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சாத்தியம், விளக்கு சரியாக இருந்து பொருத்திய கோணம் தவறு. சோடியம் பொருத்தியை மேல்நோக்கிச் சாய்த்து மாட்டிய அதே கம்பக் கையில் எல்இடியை மாட்டிவிட்டால் வெளிச்சம் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். கம்பத்துக்கு அடியில் மட்டும் பளிச்சென்று, நடுவில் இருட்டுப் பட்டையாக வரிக்குதிரைபோல் தெரிந்தால், கம்ப இடைவெளிக்கு அந்த விளக்கின் ஒளிப்பரவல் பொருந்தவில்லை. வாட்டை ஏற்றினால் பளிச்சென்ற இடம் இன்னும் பளிச்சிடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். லென்ஸ் வகையை மாற்றுங்கள்.

விளக்கு ஊதா நிறத்தில் எரிகிறது

வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான்; மேலே உள்ள பாஸ்பர் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது. பூச்சு உரிந்தால் நீலமும் ஊதாவும் தெரியும். 2021 வாக்கில் வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தெருவிளக்குகள் இப்படி நிறம் மாறின. பழுது பார்க்க வழியில்லை. உத்தரவாதக் காலம் முடியும் முன் எழுதிப்போட்டு மாற்றி வாங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்கக் கூடாது. அந்த வெளிச்சத்தில் சாலையில் கிடக்கும் பொருள் சரியாகத் தெரியாது.

கம்பத்தைத் தொட்டால் அதிர்கிறது, அல்லது கம்பம் ஆடுகிறது

அதிர்ச்சி புகார் எந்த நேரத்தில் வந்தாலும் அந்த நேரத்திலேயே ஃபீடரை இறக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. எர்த் கம்பி அறுந்து, உரிந்த ஃபேஸ் கம்பி உலோகத்தில் பட்டிருக்கிறது.

ஆடும் கம்பத்துக்கு, தரைமட்டத்தில் மண்ணை ஒரு சாண் ஆழம் விலக்கிப் பாருங்கள். துரு அரிப்பது மேலே அல்ல, மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், அரித்தது பொத்தென்று ஒலிக்கும். அடித்தட்டுக் கம்பமானால் நட்டுகளையும், அடிக் கதவின் மூலைகளில் மயிரிழை விரிசலையும் பாருங்கள். வாகனம் மோதினால் உடைந்து விலகும் அடி உள்ள கம்பத்தில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால், அது விலகாமல் நின்று காரில் இருப்பவரைக் கொல்லும். முறுக்கு அளவுக் கருவி இல்லாமல் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள்.

ஹைமாஸ்ட் வளையம் இறங்கவில்லை

ஹைமாஸ்ட் என்ற மிக உயரக் கம்பத்தில் விளக்குகள் மாட்டிய வளையத்தைக் கீழே இறக்கித்தான் பழுது பார்ப்பார்கள். காற்று இல்லாத நாளில், கீழே ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பாதியில் நின்றால் மோட்டாரை மேலும் அழுத்தாதீர்கள். உள்ளே மின்கேபிள் கம்பி வடத்தோடு முறுக்கிக்கொண்டிருக்கும். கையால் சுற்றும் பிடியை மாட்டி, கொஞ்சம் மேலே ஏற்றி, மெதுவாக இறக்கிப் பாருங்கள். வடத்தில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் வளையத்தை இறக்கிவைத்துவிட்டு வடத்தை மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

சுரங்கப்பாதை விளக்கு பகலில் பளீர், இரவில் மங்கல்

பழுதல்ல. வெயிலிலிருந்து உள்ளே நுழையும் கண்ணுக்கு வாயில் கரும்பொந்தாகத் தெரியாமலிருக்கப் பகலில்தான் நுழைவாயிலில் அதிக வெளிச்சம் தேவை. புகார் தந்தவருக்கு இதை விளக்கிச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் மூடிவிடுங்கள்.

ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது

இங்கேதான் மெக்கானிக் வேலை முடிந்து, நகரம் முடிவெடுக்கும் வேலை தொடங்குகிறது.

சோடியத்திலேயே தொடர்வதென்றால் செத்ததை மட்டும் தேடி மாற்றும் முறையை விடுங்கள். 24,000 மணி நேர விளக்கு ஏறத்தாழ 6 ஆண்டில் முடியும். ஒன்றாகப் போட்டவை ஒன்றாகவே சாகத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தடம் அடைத்து ஏணி வண்டி கொண்டுபோவதைவிட, ஐந்தாம் ஆண்டில் சாலை முழுக்க ஒரே வீச்சில் மாற்றி, கண்ணாடியையும் துடைத்துவிட்டு வருவது லாபம். நெடுஞ்சாலையில் விளக்கைவிடத் தடத்தை அடைப்பதுதான் செலவு.

எல்இடிக்கு மாறுவதென்றால் பழைய பொருத்தியில் திருகும் எல்இடி பல்பு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. சோடியத்துக்காக வளைத்த பிரதிபலிப்பானில் அது எங்கே வெளிச்சம் போடும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய கூண்டுக்குள் டிரைவர் வெந்துபோகும். இக்னிட்டரைக் கழற்ற மறந்தால் அன்றைக்கே போய்விடும். முழுப் பொருத்தியையும் மாற்றுங்கள். டிரைவரைக் கருவியில்லாமல் கழற்றி மாட்ட முடிகிறதா என்று வாங்கும் முன் உங்கள் ஆளை விட்டுக் கையுறையோடு செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மின் கட்டணத்தைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒன்றை அணைப்பது பழைய பழக்கம். சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் சிஐஇ 115 வகைப்பாட்டில், அதிக வெளிச்சம் வேண்டிய எம்1 சாலைக்குச் சதுர மீட்டருக்கு 2 கேண்டெலா (ஒளியின் அளவு), குறைவாகப் போதுமான எம்6 சாலைக்கு 0.3, போக்குவரத்து குறையும் நேரத்தில் வகுப்பை இறக்கிக்கொள்ள அதுவே இடம் தருகிறது. ஆனால் எம்1 முதல் எம்4 வரை, மிக இருண்ட இடம் சராசரி வெளிச்சத்தின் 0.4 பங்குக்குக் கீழே போகக் கூடாது என்ற சீர்மையும் கூடவே இருக்கிறது. எல்லா விளக்கையும் பாதியாக மங்கவைத்தால் சீர்மை அப்படியே இருக்கும். பாதி விளக்கை அணைத்தால் அதே மிச்சத்துக்குச் சாலை வரிக்குதிரை ஆகிவிடும்.

விளக்கையே எடுத்துவிடுவதும் ஒரு வழிதான். சந்திப்புகள் இல்லாத நேர்நீட்டுச் சாலையில், நடந்துபோவோரும் இல்லாத இடத்தில், சந்திப்பிலும் கடவையிலும் மட்டும் விளக்கு வைத்து நடுவில் ஒளிதிருப்பும் குமிழ்களை விட்டுவிடலாம். பெர்சி ஷா 1934-ல் காப்புரிமை பெற்ற பூனைக்கண் குமிழுக்கு இன்றுவரை மின் கட்டணம் கிடையாது. ஆனால் குமிழ் தன் பாதையைக் காட்டுமே தவிர, சாலையில் கிடக்கும் டயரைக் காட்டாது.

எதைத் தேர்ந்தாலும், கம்பம் யாருடையது என்பதை முதலில் காகிதத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறை நட்ட கம்பம், நகரம் கட்டும் மின் கட்டணம், ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் பில்லர் சாவி என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தால் நியூட்ரல் அறுந்த இரவில் போன் செய்யவே ஆள் இருக்காது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் "98 சதவீதம் எரிய வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மொத்த எண்ணிக்கையில் அது சரியாக வந்துவிடும். அந்த 2 சதவீதமும் ஒரே வளைவில் வரிசையாக அணைந்திருக்கும். அடுத்தடுத்து இரண்டு அணைந்தால் அன்றிரவே வர வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேருங்கள்.

இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: கழற்றிய டிரைவரையும் எஸ்பிடியையும் கம்ப எண், தேதி எழுதி ஒப்படைக்க வேண்டும். ஆறு மாதம் ஓர் அலமாரியில் ஃபீடர் வாரியாக அடுக்கி வையுங்கள். ஒரே ஃபீடரின் கடைசி ஐந்து கம்ப எண்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஆறாவது டிரைவரை வாங்காமல், அந்த இடத்தில் ஒரு வாரத்துக்கு வோல்டேஜ் பதிவுக் கருவியை மாட்டுங்கள்.